வைரஸ் தடுப்பு பற்றி ஒரு செய்தி வந்தால் அதை எப்படிச் சரிபார்ப்பது? புதியவர்களுக்கான வழிகாட்டி

2020 மார்ச் மாதத்தில் ஒரு செய்தி உலகம் முழுவதும் கைமாறிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் மூச்சை நன்றாக இழுத்துப் பத்து விநாடி அடக்கிப் பாருங்கள், இருமலோ நெஞ்சில் இறுக்கமோ வராவிட்டால் உங்களுக்கு கொரோனா தொற்று இல்லை என்றது அது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் இருக்கும் வைரஸ் வயிற்றுக்குள் இறங்கி, அங்குள்ள அமிலத்தில் செத்துவிடும் என்றும் சொன்னது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் ஒட்டப்பட்டிருந்தது. அது தங்களிடமிருந்து வந்ததல்ல என்று அந்தப் பல்கலைக்கழகமே பிறகு மறுத்தது.

எனக்கு அதை அனுப்பியவர் என் சித்தப்பா. என் மீது இருந்த அக்கறையினால்தான் அனுப்பினார். அதே அக்கறையில் நானும் அதை மூன்று பேருக்கு அனுப்பினேன். லேசான காய்ச்சலோடு இருந்த யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டு, மூச்சை அடக்கிப் பார்த்து, தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பி வயதான தாயின் அருகில் போய் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்தே உறைத்தது. அதன் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. எந்தத் தொற்று வைரஸுக்கும் இந்த முறை பொருந்தும்.

முதல் படி: செய்தியைத் தனித்தனிக் கூற்றுகளாகப் பிரியுங்கள்

பரவும் செய்தி ஒன்றில் பெரும்பாலும் நான்கைந்து கூற்றுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அவற்றில் இரண்டு உண்மையாக இருக்கும். அந்த இரண்டின் தோளில் ஏறித்தான் மற்றவை உள்ளே வருகின்றன. ஆகவே செய்தியை முழுதாக நம்புவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்னால், ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு கூற்றையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

மேலே சொன்ன செய்தியையே எடுத்துக்கொள்வோம். "பத்து விநாடி மூச்சை அடக்க முடிந்தால் தொற்று இல்லை" என்பது முதல் கூற்று. தொற்று ஏற்பட்டும் அறிகுறியே இல்லாத பலர் இருந்தார்கள். லேசான நோயுள்ள இளைஞர் ஒருவர் பத்து விநாடி தாராளமாக மூச்சை அடக்குவார். அதேபோல நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள ஒருவரால் தொற்று இல்லாமலேயே அடக்க முடியாது. எனவே இந்தச் சோதனை இரண்டு பக்கமும் தவறான விடையைத் தரும். "வயிற்று அமிலம் வைரஸை அழிக்கும்" என்பது இரண்டாவது கூற்று. அமிலம் பல கிருமிகளைச் செயலிழக்கச் செய்கிறது என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் "தண்ணீர் குடித்தால் வைரஸ் முழுவதும் வயிற்றுக்குப் போய்விடும்" என்ற மூன்றாவது கூற்றில்தான் ஓட்டை இருக்கிறது: மூச்சு வழியாக வரும் வைரஸ் மூக்கின் உட்புறத்திலும் சுவாசப் பாதையிலும் உள்ள செல்களுக்குள் நுழைகிறது, தண்ணீர் அந்தப் பக்கமே போவதில்லை. நிறையத் தண்ணீர் குடிப்பது நல்லது என்ற நமக்குத் தெரிந்த உண்மை, இந்த ஓட்டையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

வெந்நீரில் குளித்தால் வைரஸ் வராது என்ற செய்தியும் இப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. வெப்பம் வைரஸை அழிக்கும் என்பது உண்மை. ஆய்வகங்களில் 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்துப் பல வைரஸ்களைச் செயலிழக்கச் செய்கிறார்கள். ஆனால் மனித உடலின் உள்வெப்பம் எவ்வளவு சூடான நீரில் குளித்தாலும் 36.5 முதல் 37 டிகிரி வரையிலேயே நிற்கும் என்று உலக சுகாதார நிறுவனம் விளக்கியது. உடலுக்குள் இருக்கும் வைரஸைக் கொல்லும் அளவுக்கு நீரைச் சூடாக்கினால் அதற்கு வெகு முன்பே தோல் வெந்துவிடும்.

இரண்டாம் படி: வைரஸ் எந்த வழியாக வருகிறது, அந்த வழியை இது அடைக்கிறதா?

தடுப்பு முறை எதுவாக இருந்தாலும், அது வைரஸ் வரும் பாதையில் எங்கேயாவது குறுக்கே நிற்க வேண்டும், அல்லது வந்த வைரஸை எதிர்க்க உடலைத் தயார்ப்படுத்த வேண்டும். இந்த இரண்டில் எதையும் செய்யாத ஒன்று தடுப்பு முறையாக இருக்க முடியாது. ஆகவே செய்தி எந்த வைரஸைப் பற்றியது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அது பரவும் வழியைத் தேடிப் படியுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். பாதி வதந்திகள் இந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

தட்டம்மை வைரஸ் காற்றில் பரவுகிறது. நோயாளி ஒரு அறையை விட்டு வெளியேறிய பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறையின் காற்றில் அது தங்கியிருக்கும். எனவே நோயாளியைத் தொடாமல் இருந்தால் போதும் என்ற அறிவுரை தட்டம்மைக்கு உதவாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸோ கை, உணவு, நீர், தொட்ட பொருள்கள் வழியாக வாய்க்குள் போகிறது. எச்.ஐ.வி. ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தை என்ற வழிகளில் பரவுகிறது. கைகுலுக்குவதாலோ, ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவதாலோ, கொசு கடிப்பதாலோ பரவுவதில்லை.

ஒரு வைரஸுக்குச் சரியான அறிவுரை இன்னொன்றுக்குத் தவறாகிவிடும் என்பதற்குக் கை கழுவுவதையே பார்க்கலாம். கொரோனா, இன்ஃபுளுயன்சா போன்ற வைரஸ்களைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சோப்பும், குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் உள்ள சானிட்டைசரும் அந்த உறையைச் சிதைத்துவிடுகின்றன. நோரோ வைரஸுக்கு அப்படி ஓர் உறை கிடையாது. அதனால் சானிட்டைசர் அதனிடம் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு இருபது விநாடியாவது தேய்த்து அதைக் கையிலிருந்து கழுவி வெளியேற்றத்தான் வேண்டும். "சானிட்டைசர் எல்லா வைரஸையும் கொல்லும்" என்பதும் தவறு, "சானிட்டைசர் வீண்" என்பதும் தவறு. எந்த வைரஸ் என்று கேட்காமல் சொல்லப்படும் எந்த அறிவுரையையும் நான் அரைகுறையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இதே படியில் முகக்கவசம் பற்றிய ஒரு வாதத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் கேட்பதற்கு அது மிகவும் அறிவியல்பூர்வமாக இருக்கும். "கொரோனா வைரஸின் அளவு சுமார் 0.1 மைக்ரான், என்95 முகக்கவசம் 0.3 மைக்ரான் துகளைத்தான் தடுக்கும், ஆகவே வைரஸ் அதற்குள் புகுந்து வந்துவிடும்" என்பது அந்த வாதம். இதில் வரும் எண்கள் இரண்டும் சரி (மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆனால் முகக்கவசத்தின் வடிகட்டி, சல்லடை போலத் துளையின் அளவைக் கொண்டு மட்டும் வேலை செய்வதில்லை. பெரிய துகள்கள் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிகச் சிறிய துகள்கள் காற்றின் மூலக்கூறுகளால் தள்ளப்பட்டு, நேர்கோட்டில் போகாமல் தாறுமாறாக அலைந்து, ஏதாவது ஓர் இழையில் சிக்கிவிடுகின்றன. போதாததற்கு இழைகளில் உள்ள மின்னூட்டமும் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. இந்த இரண்டு வகைக்கும் நடுவில் உள்ள, பிடிப்பதற்கு மிகவும் கடினமான அளவு ஏறத்தாழ 0.3 மைக்ரான் என்பதால்தான் அந்த அளவை வைத்துச் சோதிக்கிறார்கள். அதிலேயே 95 விழுக்காட்டைத் தடுக்கிறது என்பதுதான் பெயரில் உள்ள 95. அதைவிடச் சிறிய துகளை அது இன்னும் நன்றாகவே பிடிக்கும். தவிர, வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை. மூச்சிலும் பேச்சிலும் வெளிப்படும் நீர்த்துகள்களுக்குள்தான் வருகிறது. முகத்தோடு சரியாகப் பொருந்தாமல் ஓரங்களில் இடைவெளி இருந்தால் கவசத்தின் பயன் குறையும் என்பது உண்மையான குறை. அந்தக் குறையை விட்டுவிட்டு இல்லாத குறையைச் சொல்கிறது அந்த வாதம்.

மூன்றாம் படி: சொன்னவர் உண்மையில் சொன்னாரா?

இது பெரும்பாலும் இயந்திரத்தனமான வேலை, சீக்கிரம் முடிந்துவிடும். செய்தியில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்கு நேரடியாகப் போய்த் தேடுங்கள். செய்தியில் உள்ள இணைப்பை அழுத்திப் போகாதீர்கள். முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிய போலித் தளங்கள் உண்டு. ஒரு மருத்துவரின் பெயர் இருந்தால், அவர் எந்தத் துறை என்று பாருங்கள். சிறந்த எலும்பு மருத்துவராக இருப்பவர் வைரஸ் பரவலைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய சொல்லுக்கும் மற்றவர்களின் சொல்லைப் போலவே ஆதாரம் வேண்டும். "எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனை செவிலியர் சொன்னார்" என்று தொடங்கும் குரல் பதிவுகளில் பேசுபவர் யார் என்று கண்டுபிடிக்கவே வழியிருக்காது. அவற்றை அங்கேயே நிறுத்திவிடலாம். படமாக இருந்தால் படத்தை வைத்தே தேடும் வசதியைப் பயன்படுத்தி, அது முதலில் எப்போது, எங்கே வெளியானது என்று பாருங்கள். தேதி மிகவும் முக்கியம்: அன்றைக்குச் சரியாக இருந்த ஓர் அறிவிப்பு, மாற்றப்பட்ட பிறகும் பழைய வடிவிலேயே பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கும்.

நான்காம் படி: செய்யாதவர்களுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், அது இதுவாக இருக்கட்டும்.

"எங்கள் வீட்டில் எல்லோரும் இதைத்தான் சாப்பிட்டோம், யாருக்கும் வரவில்லை" என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் காணாத ஒன்று இருக்கிறது: அதைச் சாப்பிடாத வீடுகளில் என்ன நடந்தது? கொரோனாவின் தொடக்க காலத்தில், வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்தால் உடன் வசிப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் அது தொற்றியது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. அப்படியென்றால், நோயாளியோடு வசித்த இருபது பேரை எடுத்துக்கொண்டால், எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் அவர்களில் பதினாறு பேர் அளவுக்குத் தப்பியிருப்பார்கள். அந்தப் பதினாறு பேரும் அந்த வாரத்தில் ஏதோ ஒன்றைச் செய்திருப்பார்கள்: ஒருவர் ஆவி பிடித்திருப்பார், ஒருவர் மாத்திரை போட்டிருப்பார், ஒருவர் கழுத்தில் ஏதாவது அணிந்திருப்பார். தப்பியதற்கு அதுவே காரணம் என்று ஒவ்வொருவரும் மனப்பூர்வமாக நம்புவார்கள். வதந்திகளுக்கு இவ்வளவு நேர்மையான சாட்சிகள் கிடைப்பது இப்படித்தான்.

இதை உடைக்க மருத்துவத்தில் கண்டுபிடித்த வழி, ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மறு குழுவுக்கு மருந்தைப் போலவே தோன்றும் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது. யாருக்கு எது கிடைத்தது என்று பங்கேற்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மருந்தின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 2020 மார்ச்சில் பிரான்ஸில் இருந்து ஓர் ஆய்வு வெளியாகி, அந்த மருந்து கொரோனாவுக்கு வேலை செய்கிறது என்ற நம்பிக்கையை உலகம் முழுவதும் பரப்பியது. அதில் கணக்கில் வந்தவர்கள் 36 பேர். குலுக்கல் முறையில் குழு பிரிக்கவில்லை. மருந்து பெற்றவர்களில் ஆறு பேர் முடிவுக் கணக்கிலிருந்து விடப்பட்டிருந்தார்கள். அந்த ஆறு பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர்கள், ஒருவர் இறந்துபோனவர். அந்தக் கட்டுரை 2024 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது.

நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு இதே மருந்தைத் தடுப்பாகக் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையின் முடிவு 2020 ஜூனில் வெளியானது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 821 பேர் அதில் பங்கேற்றார்கள். மருந்து பெற்ற 414 பேரில் 49 பேருக்கும், போலி மாத்திரை பெற்ற 407 பேரில் 58 பேருக்கும் நோய் வந்தது. அதாவது 11.8 விழுக்காடு, 14.3 விழுக்காடு. இந்த அளவு எண்ணிக்கையில் இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது; ஆகவே மருந்து தடுத்தது என்று சொல்ல முடியாது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதில் இருக்கும் வேறோர் எண்ணை. போலி மாத்திரை பெற்றவர்களில் 349 பேருக்கு எதுவும் வரவில்லை. அந்த 349 பேரைத் தனித்தனியாகப் பேட்டி எடுத்து ஒளிபரப்பியிருந்தால், ஒன்றுமே இல்லாத அந்த மாத்திரை உலகின் மிகச் சிறந்த தடுப்பு மருந்தாகிவிட்டிருக்கும்.

இதே கேள்வியைத் தடுப்பூசியிடமும் கேட்க வேண்டும். விருப்பமான செய்திக்கு ஒரு கேள்வி, விருப்பமில்லாத செய்திக்கு வேறொரு கேள்வி என்று வைத்துக்கொள்ளக் கூடாது. ஃபைசர் நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசிச் சோதனையில் 43,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். ஏறத்தாழ சம அளவிலான இரண்டு குழுக்களில், தடுப்பூசி போட்டவர்களில் 8 பேருக்கும் போலி ஊசி போட்டவர்களில் 162 பேருக்கும் அறிகுறிகளோடு கூடிய நோய் வந்தது. "95 விழுக்காடு" என்று சொல்லப்பட்டது இந்த ஒப்பீட்டைத்தான். நூறு பேரில் ஐந்து பேருக்கு நோய் வரும் என்பது அதன் பொருளல்ல. அந்தச் சோதனை நடந்த சில மாதங்களுக்கும், அப்போது பரவிய வகைக்கும் உரிய எண் அது. வைரஸ் மாறியபோதும் நாளாக ஆகவும், தொற்றைத் தடுக்கும் ஆற்றல் குறைந்தது.

அந்தக் குறைவைக் காட்டிப் பரவிய ஒரு வாதத்துக்கும் இதே கேள்வி விடை தரும். "மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டவர்கள்தான், அப்படியென்றால் ஊசியால் என்ன பயன்?" என்று கேட்பார்கள். கணக்குக்காக ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போட்டவர்களில் நூற்றுக்கு இருவர் வீதம் 18 பேரும், போடாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் வீதம் 10 பேரும் மருத்துவமனையில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், படுக்கையில் இருக்கும் 28 பேரில் 18 பேர் ஊசி போட்டவர்கள். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. ஆனாலும் ஊசி போடாதவருக்கு இருந்த ஆபத்து ஐந்து மடங்கு. படுக்கையில் இருப்பவர்களை மட்டும் எண்ணாமல், அவர்கள் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தார்கள் என்பதையும் எண்ண வேண்டும்.

ஐந்தாம் படி: "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்றால் எந்த வகை ஆய்வு?

ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் ஒரு மருந்து வைரஸை அழித்தது என்றால், அது தொடக்கம் மட்டுமே. ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி எதிர்ப்பு மருந்து கொரோனா வைரஸை அப்படி அழித்தது என்று 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டது உண்மை. ஆனால் தட்டில் பயன்படுத்திய அந்த அடர்த்தியை, அனுமதிக்கப்பட்ட அளவில் மருந்தைச் சாப்பிட்டு மனித ரத்தத்தில் எட்ட முடியாது. பிறகு பிரேசிலில் 1,358 நோயாளிகளிடம் குலுக்கல் முறையில் நடந்த சோதனையின் முடிவு 2022இல் வெளியானபோது, மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையை அம்மருந்து குறைக்கவில்லை என்று தெரிந்தது.

ஆய்வு ஓர் இதழில் வெளியாகியிருக்கிறதா, அல்லது மற்ற வல்லுநர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே இணையத்தில் ஏற்றப்பட்ட முன்பதிப்பா என்று பாருங்கள். எத்தனை பேர், ஒப்பிட ஒரு குழு இருந்ததா, பிறகு யாராவது அதையே திரும்பச் செய்து பார்த்தார்களா என்று பாருங்கள். திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் கட்டாயம் பாருங்கள்; பப்மெட் போன்ற தேடல் தளங்களில் கட்டுரையின் தலைப்பருகிலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். தட்டம்மைத் தடுப்பூசி ஆட்டிசத்தை உண்டாக்கும் என்ற அச்சம், ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998இல் லான்செட் இதழில் 12 குழந்தைகளைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அதை அந்த இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து 2019இல் வெளியான ஆய்வு, தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்று காட்டியது. இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து நிற்கும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது அவர்கள் மீதல்ல.

பெரிய பெயர் கொண்ட இதழ் என்பதால் மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் தீங்கு செய்கிறது என்று 2020 மே மாதத்தில் லான்செட் வெளியிட்ட கட்டுரையும், அதன் தரவுகளைச் சரிபார்க்க முடியாததால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தவறு எந்தத் தரப்பிலும் நேரலாம்.

ஆறாம் படி: அறிவுரை மாறியதா, அல்லது பொய் சொன்னார்களா?

புதிய ஒரு வைரஸ் வரும்போது அதிகாரப்பூர்வ அறிவுரை மாறும். பொதுமக்கள் எல்லோரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று முதலில் சொல்லாத உலக சுகாதார நிறுவனம், 2020 ஜூன் 5 அன்று தன் அறிவுரையை மாற்றி, பரவல் உள்ள இடங்களில் அணியச் சொன்னது. கொரோனா காற்றில் பரவுவதில்லை என்று அதே நிறுவனம் 2020 மார்ச்சில் உறுதியாகப் பதிவிட்டது. நெரிசலான, காற்றோட்டமில்லாத உள்ளிடங்களில் காற்றில் மிதக்கும் துகள்கள் வழியாகப் பரவும் என்பதை 2021இல் தன் விளக்கத்தில் தெளிவாகச் சேர்த்தது. அந்த முதல் பதிவு தவறு. அந்தத் தாமதத்தால் ஜன்னலைத் திறந்து வைப்பதற்குப் பதிலாக வாங்கிய பொருள்களையெல்லாம் துடைத்துக்கொண்டே மக்கள் பல மாதங்களைக் கழித்தார்கள். பொருள்களைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. இதை மறைத்து எழுதுவது வாசகருக்கு உதவாது.

ஆனால் இதிலிருந்து "அவர்கள் சொல்வது எதையும் நம்பாதே" என்ற முடிவுக்குப் போகிறவர்கள், திருத்திக்கொள்ளும் வழக்கமே இல்லாத ஒருவரிடம் போய்ச் சேருகிறார்கள். எந்தத் தரப்பையும் எடைபோட நான் பார்ப்பது இதைத்தான்: முன்பு சொன்னதைத் தேதியோடு வைத்திருக்கிறார்களா, மாற்றியபோது எந்த ஆதாரத்தால் மாற்றினோம் என்று சொல்கிறார்களா? பத்து விநாடி மூச்சுச் செய்திக்கு அதை எழுதியவரிடமிருந்து இதுவரை ஒரு திருத்தம்கூட வரவில்லை.

பக்கவிளைவு பற்றிய எண்களையும் இந்தப் படியிலேயே சரிபார்த்துவிடலாம். அமெரிக்காவில் வேயர்ஸ் என்ற பதிவேட்டில், தடுப்பூசிக்குப் பிறகு நேர்ந்த எதையும் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். ஊசிதான் காரணம் என்று காட்ட வேண்டியதில்லை. ஆகவே அதில் உள்ள மரணங்களின் எண்ணிக்கையை "தடுப்பூசியால் இறந்தவர்கள்" என்று படிப்பது தவறு. அதற்காக அந்தப் பதிவேடு வெறும் கண்துடைப்பு என்றும் நினைக்க வேண்டாம். ரோட்டாஷீல்டு என்ற தடுப்பூசி போட்ட குழந்தைகள் சிலருக்குக் குடல் செருகிக்கொள்ளும் கோளாறு வந்ததை 1999இல் காட்டிக்கொடுத்தது அந்தப் பதிவேடுதான். அந்த ஆண்டிலேயே அத்தடுப்பூசி சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அஸ்ட்ராசெனெகா ஊசிக்குப் பிறகு மிக அரிதாக வந்த ரத்தக் கட்டிகளையும் இத்தகைய கண்காணிப்புதான் 2021இல் கண்டுபிடித்தது. "பக்கவிளைவே கிடையாது" என்று யாராவது சொன்னால், அதையும் சரிபார்க்க வேண்டிய செய்திகளின் பட்டியலில் சேருங்கள்.

எதையும் முடிவு செய்ய முடியாதபோது

நேரமில்லாமலோ தகவல் போதாமலோ இருக்கும்போது, இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். இது தவறாக இருந்தால் என்ன தீங்கு வரும்? இதைச் செய்வதால் உண்மையில் பயனுள்ள ஒன்றை நான் கைவிடுகிறேனா? வெந்நீர் குடிப்பது தவறாகப் போனாலும் யாருக்கும் பெரிய சேதமில்லை, அதை நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாத வரை. ஆனால் 2020இல் ஈரானில், மது அருந்தினால் கொரோனா வராது என்ற வதந்தியை நம்பி மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பலர் கண்பார்வையை இழந்தார்கள். கிருமிநாசினியைக் குடிப்பது, முகர்வது, மருத்துவர் சொல்லாத மருந்தை வாங்கிச் சாப்பிடுவது, கால்நடைக்கான மருந்தை மனிதர் உட்கொள்வது ஆகியவை வரும் எந்தச் செய்தியையும் சரிபார்க்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், உடனே நிறுத்துங்கள். வைரஸ் காய்ச்சலுக்கு மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கைப் போடச் சொல்வதும் இதே வகைதான்; ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் தாக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது.

குடும்பத்தில் பெரியவர் ஒருவர் அனுப்பிய செய்திக்குப் பதில் சொல்வது

குழுவில் எல்லோர் முன்னிலையிலும் "இது பொய்" என்று போட்டால் அவர் தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். செய்தி அப்படியே நிற்கும். தனியாகப் பேசுங்கள். அவர் சொன்னதில் சரியாக இருப்பதை முதலில் சொல்லுங்கள், பிறகு ஒரே ஒரு ஓட்டையை மட்டும் காட்டுங்கள், அதன் இடத்தில் செய்யக்கூடிய வேறொன்றைக் கொடுங்கள். நான் சித்தப்பாவிடம் தொலைபேசியில் சொன்னது ஏறக்குறைய இப்படி இருந்தது: "சித்தப்பா, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னது நல்லதுதான். ஆனால் இந்த மூச்சுச் சோதனையை நம்பி, காய்ச்சல் உள்ள யாராவது பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடக்கூடும். காய்ச்சல் இருந்தால் தனி அறையில் இருக்க வேண்டும், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று நீங்களே குழுவில் சொல்லிவிட்டால் எல்லோரும் கேட்பார்கள்." அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நீயே எழுதிக் கொடு, நான் போடுகிறேன் என்றார்.

நீங்களே தவறான ஒன்றை அனுப்பியிருந்தால், அழிக்க முடிந்தால் அழியுங்கள். அதோடு விட்டுவிடாமல், யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்கள் ஒவ்வொருவருக்கும் திருத்தத்தை அனுப்புங்கள். திருத்தத்தில் சரியான தகவலை முதல் வரியிலேயே எழுதுங்கள், தவறானதை ஒரு முறைக்கு மேல் குறிப்பிடாதீர்கள், தேதியையும் போடுங்கள். நான் அனுப்பிய மூன்று பேரில் இருவர் அந்தச் செய்தியை வேறு யாருக்கும் அனுப்பவில்லை என்றார்கள். மூன்றாமவர் பதினோரு பேருக்கு அனுப்பியிருந்தார். அந்தப் பதினோரு பேருக்கும் அவர் வழியாகவே திருத்தத்தை அனுப்பச் செய்தேன்.